ஐஸ்லாந்து ரிங் ரோடு மினிபஸ் டூர், செப்டம்பர் கடைசி, கூட அம்மா. பெட்டில என்ன போடறது?

நெய்தல்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் நானும் அம்மாவும் ஐஸ்லாந்து போறோம், தீவை ஒரு சுத்து சுத்திக் காட்டுற 8 நாள் மினிபஸ் டூர், மொத்தம் 16 பேர், கைடுதான் டிரைவரும். ஷெங்கன் விசா வந்தாச்சு, இன்சூரன்ஸ் எடுத்தாச்சு, காசும் முழுசா கட்டியாச்சு, இப்பதான் வயித்துல புளியக் கரைக்குது. டூர்காரங்க அனுப்புன லிஸ்ட்ல கதகதப்பான துணி, தண்ணி புகாத ஷூ, நீச்சல் டிரெஸ்னு மூணே வரி. குளிர் ஊருக்கு நீச்சல் டிரெஸ் எதுக்குடின்னு அம்மா கேக்குறாங்க, எனக்கும் பதில் தெரியல.

அம்மாவுக்கு 63 வயசு. வலது முட்டி தகராறு, சமதளத்துல என்னை விட வேகமா நடப்பாங்க, படின்னா கஷ்டம். சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. சேலை தவிர வேற எதுவும் கட்டினதே இல்ல. இது போதாதுன்னு அங்க எரிமலை வெடிச்சுக்கிட்டே இருக்குன்னு யாரோ சொல்லிட்டுப் போனதுல இருந்து தினமும் காலைல எழுந்ததும் "இன்னிக்கு வெடிச்சுதா?"ன்னுதான் முதல் கேள்வி. ராத்திரி வானத்துல பச்சையா ஒளி ஆடுமே, அந்த நார்தர்ன் லைட்ஸ் பாக்கணும்னு அவங்களுக்குத்தான் ஆசை, எனக்கு இல்ல, அதனால அது மிஸ் ஆனா என்னைத்தான் திட்டுவாங்க. போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

காத்தாடி_மனுசன்:

தங்கச்சி, நான் ரெண்டு தடவை போயிருக்கேன், ஒரு தடவை டூர்ல, ஒரு தடவை சொந்தமா வண்டி எடுத்து. குளிரை நெனச்சு பெட்டி கட்டாதீங்க, காத்தையும் தண்ணியையும் நெனச்சு கட்டுங்க. நீங்க போற சமயத்துல தலைநகர் ரெய்க்யாவிக்ல பகல்ல 10 டிகிரி பக்கம், ராத்திரி 5 டிகிரி பக்கம் இருக்கும், இது ஒண்ணும் உயிர் போற குளிர் இல்ல. ஆனா காத்து அடிக்க ஆரம்பிச்சுதுன்னா (அங்க காத்தை செகண்டுக்கு இத்தனை மீட்டர்னு சொல்வாங்க, 15னு போட்டிருந்தா மணிக்கு 54 கிலோமீட்டர்னு அர்த்தம், முதல் நாள் நான் 15ஐப் பாத்துட்டு ப்பூ இவ்ளோதானான்னு இறங்கி தொப்பியைத் தொலைச்சேன்) மழை மேல இருந்து வராது, பக்கத்துல இருந்து வரும். குடையை வீட்லயே வெச்சிடுங்க, அங்க கொண்டு போனா கம்பிதான் மிஞ்சும்.

உள்ள கம்பளி இல்ல சிந்தெட்டிக் தெர்மல், அதுக்கு மேல ஃபிலீஸ் இல்ல ஸ்வெட்டர், எல்லாத்துக்கும் மேல தண்ணி புகாத ஜாக்கெட். இதுவரைக்கும் எல்லாரும் சொல்லிடுவாங்க, ஆனா ரெயின் பேன்ட்டை மட்டும் மறந்துடுவாங்க. செல்யாலந்த்ஸ்ஃபோஸ்னு 60 மீட்டர் அருவி ஒண்ணு, அதுக்குப் பின்னாடி பூந்து நடந்து வரலாம், அங்க ஜீன்ஸ் போட்டுட்டுப் போனவங்க எல்லாம் அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பஸ்ல நனைஞ்ச கோழி மாதிரி உக்காந்திருந்தாங்க, ஜீன்ஸ் காயவே காயாது. காட்டன் வேண்டாம், ரெண்டு பேருக்கும்.

தலைக்கு நம்ம குரங்கு குல்லாதான் பெஸ்ட். சிரிக்காதீங்க, மஃப்ளர் பறக்கும், சாதா தொப்பி பறக்கும், குரங்கு குல்லா மட்டும் பறக்காது.

இன்னொண்ணு, கண்டிப்பா கேளுங்க. போட வேண்டிய பூட்ஸைப் போட்டுக்கிட்டே ஃப்ளைட் ஏறுங்க, ஒரு செட் தெர்மல், ரெயின் ஜாக்கெட், மாத்திரை எல்லாம் கைப்பையில. என் பெட்டி மூணு நாள் கழிச்சுதான் வந்துச்சு, டூர் பஸ் ஒருத்தருக்காக நிக்காது, பெட்டி எங்களைத் துரத்திக்கிட்டே வந்துச்சு, நான் கேன்வாஸ் ஷூவோட பனிப்பாறை ஏரி பாத்தேன்.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். பிளக் ரெண்டு உருண்டைக் குச்சி உள்ளது. காசு க்ரோனா, ஆனா நான் ஒரு நோட்டைக் கூட தொடல, டாய்லெட்டுக்கு வரைக்கும் கார்டுதான். தண்ணி பாட்டில் வாங்காதீங்க, குழாய்ல வர்ற பச்சைத்தண்ணிய அப்படியே குடிக்கலாம். ரெய்க்யாவிக் நடு ஊருக்குள்ள பெரிய பஸ் வராது, நம்பர் போட்ட ஸ்டாப்புல போய் நிக்கணும், உங்க ஹோட்டலுக்குக் கிட்ட எந்த நம்பர்னு முதல் நாளே நடந்து பாத்து வெச்சுக்குங்க.

கடைசி_சீட்டு:

2010ல ஒரு எரிமலை வெடிச்சு யூரோப் ஃப்ளைட் மொத்தமும் நின்னுச்சே, ஞாபகம் இல்லையா? எப்ப வேணா திரும்ப நடக்கலாம். நானா இருந்தா அம்மாவைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். அவ்ளோதான்.

பாறைப்_பைத்தியம்:

கடைசி சீட்டு ப்ரோ, பாதி உண்மையைச் சொல்லி முழு பயத்தைக் கிளப்பி விட்டுட்டீங்க. 2010 ஏப்ரல்ல வெடிச்சது எய்யாஃப்யாட்லயோகுட்ல் (பேரைச் சொல்ல வரலன்னா விடுங்க, அன்னிக்கு டிவில செய்தி வாசிச்சவங்களுக்கும் வரல). அது பனிப்பாறைக்கு அடியில இருந்த எரிமலை. கொதிக்கிற பாறைக்குழம்பு ஐஸ் தண்ணில பட்டதும் காய்ஞ்ச எண்ணெய்ல தண்ணி தெளிச்ச மாதிரி வெடிச்சு, பாறை மாவாகி மேல போச்சு, அந்த சாம்பல் இஞ்சினுக்கு ஆகாதுன்னுதான் ஃப்ளைட்டை நிறுத்தினாங்க.

இப்ப ரெய்க்யானெஸ் தீபகற்பத்துல 2021ல இருந்து விட்டு விட்டு நடக்குறது வேற ரகம். தரை நீளமா பிளந்து லாவா வழியும், சாம்பல் ரொம்பக் கம்மி, அதனால பக்கத்துலயே இருக்குற கெஃப்லாவிக் ஏர்போர்ட் பெரும்பாலும் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. அதுக்காக விளையாட்டுன்னு சொல்லல. கிரிண்டாவிக்னு ஒரு மீன்பிடி ஊரையே 2023 நவம்பர் 10 ராத்திரி காலி பண்ணாங்க, 2024 பிப்ரவரில லாவா சுடுதண்ணி பைப்பை அறுத்து நடுக் குளிர்ல ஆயிரக்கணக்கான வீட்ல ஹீட்டிங் போச்சு, அதே வருஷம் நவம்பர்ல ப்ளூ லகூன்ங்கற பெரிய வெந்நீர்க் குளத்தோட கார் பார்க்கிங்கே லாவாக்குள்ள போச்சு. ஆனா இதெல்லாம் தென்மேற்கு மூலை. உங்க டூர்ல அந்தப் பக்கம் ஏர்போர்ட்டுக்கு வந்து போறதோட சரி, ப்ளூ லகூன் புக் பண்ணிருந்தா மட்டும் கிளம்புற அன்னிக்குக் காலைல திறந்திருக்கான்னு பாருங்க. அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தா சொல்லுங்க, வெடிப்பு நடக்கும்போது வர்ற கந்தக வாயு அவங்களுக்கு ஆகாது.

போனை ஆஃப் பண்ணி வைக்காதீங்க, ஆபத்து வந்தா அந்த ஏரியால இருக்குற போனுக்கெல்லாம் எஸ்எம்எஸ் வரும். அவசரத்துக்கு 112. தெக்குக் கடற்கரைல இருக்குற விக் ஊருக்கு மேல கட்லான்னு ஒரு எரிமலை பனிக்கு அடியில தூங்குது, கடைசியா பெருசா வெடிச்சது 1918. அது முழிச்சா பனி உருகி வெள்ளம் வரும்னு, மேட்டுல இருக்குற சர்ச்சுக்கு ஏறி ஓட அந்த ஊர்க்காரங்க பழகி வெச்சிருக்காங்க. போட்டோவுல எல்லாம் வருமே சிவப்புக் கூரை போட்ட சர்ச், அதேதான்.

இதை அம்மாகிட்ட வேற மாதிரி சொல்லிப் பாருங்க. அந்தத் தீவே எரிமலைதான், வெடிக்கலன்னா தீவே இல்ல. பூமியோட மேல் ஓட்டுல வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் அங்க வருஷத்துக்கு சுமார் 2 சென்டிமீட்டர் விலகுது, நம்ம கை நகம் அதைவிட வேகமா வளருது. திங்வெட்லிர்ல அந்தப் பிளவுக்குள்ள நடக்கலாம், 930ல அவங்க பார்லிமென்ட் கூடின இடமும் அதுதான். மேல இறக்கிவிட்டு கீழ பஸ்ஸைக் கொண்டு வந்து நிறுத்தச் சொல்லி கைடுகிட்ட கேளுங்க, அப்ப அம்மாவுக்கு இறக்கம் மட்டும்தான். கிழக்கால போகும்போது பஸ் ரொம்ப நேரம் பச்சைப் பாசி மூடின மேடுபள்ளத்துக்குள்ள போகும். 1783ல லாகிங்கற எரிமலைப் பிளவுல இருந்து எட்டு மாசம் வழிஞ்ச லாவா அது. அந்த வெடிப்பும் பின்னாடியே வந்த பஞ்சமும் சேந்து நாட்டு ஜனத்துல ஐஞ்சுல ஒரு பங்கு செத்துப் போச்சு. அந்தப் பாசியை மிதிக்காதீங்க, திரும்ப வளர பல வருஷம் ஆகும், கைடு கத்துவார், கத்துறது நியாயம்.

மீவாட்ன் ஏரி பக்கத்துல கொதிக்கிற சேறு பாப்பீங்க, அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், கயிறு கட்டின எல்லையைத் தாண்டவே தாண்டாதீங்க, மேல கெட்டியா தெரியும் கீழ வெந்துக்கிட்டிருக்கும்.

ஆனா ஒண்ணு, அங்க எனக்கு நிஜமா பயம் வந்தது எரிமலைல இல்ல, ரெய்னிஸ்ஃபியாரா கருப்பு மணல் கடற்கரைல. பத்து அலை சாதாரணமா வரும், பதினொண்ணாவது சத்தமே இல்லாம காலை வாரி இழுத்துட்டுப் போயிடும். 2025 ஆகஸ்ட்ல கூட ஒரு சின்னப் பொண்ணு செத்துப் போச்சு. அங்க சிக்னல் விளக்கு இருக்கு, சிவப்பு எரிஞ்சா மணல்ல இறங்காதீங்க. எந்த விளக்கு எரிஞ்சாலும் கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீங்க.

நெய்தல்_பொண்ணு:

அப்பா, இவ்ளோ விவரம்! ரொம்ப நன்றிண்ணா ரெண்டு பேருக்கும். ஆஸ்துமா இல்ல. வெடிக்கலன்னா தீவே இல்லன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அப்ப பூமி பிரசவ வலில இருக்குன்னு சொல்லு"ன்னாங்க, அதோட பயம் போச்சு. ஆனா நீச்சல் டிரெஸ் மேட்டர் யாருமே சொல்லலையே? சேலைக்கு மேல ரெயின் பேன்ட் போட முடியுமா? சாப்பாடு?

மாமியாரோட_போனவ:

இதுக்கு நான்தான் வரணும். என் மாமியாருக்கு அப்ப 66.

அங்க நிலத்துக்கு அடியில இருந்து வர்ற வெந்நீர்ல நீச்சல் குளம் வெச்சிருக்காங்க, சின்ன ஊர்ல கூட ஒண்ணு இருக்கும். 38, 40 டிகிரி தொட்டில உக்காந்துக்கிட்டு ஊர்க்கதை பேசுறதுதான் அவங்களுக்கு டீக்கடை. நாள் முழுக்க காத்துல நின்ன முட்டிக்கு அதை மாதிரி ஒத்தடம் கிடையாது, அதனால அம்மாவை எப்படியாச்சும் இறக்கிடுங்க. ஆனா முன்கூட்டியே ஒண்ணு சொல்லி வைங்க, இல்லன்னா அங்க போய் அதிர்ச்சி ஆயிடுவாங்க. குளத்துல இறங்குறதுக்கு முன்னாடி துணி எதுவும் இல்லாம சோப்பு போட்டு குளிச்சே ஆகணும், பொம்பளைங்க பக்கம் தனி, ஆனா அதுக்குள்ள எல்லாரும் ஒரே ரூம்லதான். குளத்துல குளோரின் கம்மியா போடுறாங்க, அதான் இந்தக் கண்டிப்பு. என் மாமியார் வாசல்லயே நின்னுட்டு "நான் பஸ்ல இருக்கேன்"னாங்க. அப்புறம் அங்க 80 வயசுப் பாட்டி ஒருத்தர் பாட்டு முணுமுணுத்துக்கிட்டு சாதாரணமா குளிச்சுட்டுப் போனதைப் பாத்துட்டு, என்னை வெளிய அனுப்பிட்டு அவங்க தனியா வந்தாங்க. மருமக முன்னாடிதான் வெக்கமாம், ஊரார் முன்னாடி இல்லையாம். சில குளத்துல திரை போட்ட ஷவர் உண்டு, ப்ளூ லகூன்ல தனி கேபின் இருக்கு, கேட்டு வாங்கிக்கலாம். நீச்சல் டிரெஸ்ஸுன்னா அரைகுறையாத்தான் இருக்கணும்னு இல்ல, முழுக்கை, முழங்கால் வரைக்கும் வர்ற மாதிரி கிடைக்குது, நீச்சல் துணியா இருந்தா போதும்.

வெள்ளிக் கொலுசு, மெட்டி ரெண்டையும் கழட்டி வீட்லயே வெச்சிட்டுப் போகச் சொல்லுங்க. அந்த சுடுதண்ணில கந்தகம் இருக்கு, வெள்ளி கருத்துப் போயிடும். ஹோட்டல்ல குளிக்கிற சுடுதண்ணியும் பல இடத்துல அதேதான், முட்டை நாத்தம் வந்தா பாத்ரூமைக் குறை சொல்லாதீங்க. ப்ளூ லகூன்ல தலைமுடிய நனைக்க விடாதீங்க, அதுல இருக்குற சிலிக்கா முடியை வைக்கோலாக்கிடும்.

சேலை வேலைக்கு ஆகாதுங்க, நேராவே சொல்லிடறேன். அழகுக்காக சொல்லல, காத்துல புடவை பாய்மரம் மாதிரி ஆளையே இழுக்கும், முட்டி வலி இருக்கறவங்களுக்கு அது ஆபத்து. நாங்க பண்ணது, தெர்மல், அதுக்கு மேல முழங்காலோட நிக்கிற குர்தா, அதுக்கு மேல ரெயின் பேன்ட். சைடுல முழுசா ஜிப் வெச்ச பேன்ட்டா பாத்து வாங்குங்க, ஷூவைக் கழட்டாம போட்டுக் கழட்டலாம். சாயங்காலம் ஹோட்டல்ல சேலை கட்டிக்கட்டும், ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.

சாப்பாட்டைப் பத்தி டூர்காரங்களுக்கு இன்னிக்கே மெயில் போடுங்க, முட்டை, மீன், இறைச்சி எதுவும் ஆகாதுன்னு ஒவ்வொண்ணா எழுதுங்க, வெறுமனே வெஜிடேரியன்னு எழுதினா மீன் வந்து நிக்கும். சூப்புன்னு போர்டு போட்டிருந்தா பாதி இடத்துல ஆட்டுக்கறி சூப்புதான். ரெய்க்யாவிக் பக்கத்துல டூர்காரங்க சுத்திக் காட்டுற கோல்டன் சர்க்கிள் ரூட் பக்கம் ஃப்ரித்ஹெய்மர்னு ஒரு தக்காளி கிரீன்ஹவுஸ் இருக்கு, செடிங்களுக்கு நடுவுல உக்கார வெச்சு தக்காளி சூப்பும் ரொட்டியும் தருவாங்க, உங்க டூர்ல அது இருந்தா அதிர்ஷ்டம். போனுஸ்னு பன்னிக்குட்டி படம் போட்ட மஞ்சள் கடை, விலை கம்மி, முதல் நாளே ரொட்டி, பழம், சீஸ் வாங்கி பஸ்ல வெச்சுக்குங்க, விக் தாண்டிட்டா கிழக்கால ஹோஃப்ன் ஊர் வரைக்கும் கடை ரொம்பக் குறைச்சல். ஸ்கைர்னு தயிர் மாதிரி ஒண்ணு விப்பாங்க, சிலதுல பாலைத் திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னட் சேக்குறாங்க, அம்மா அந்த அளவுக்குப் பாப்பாங்கன்னா டப்பாவைப் படிச்சுட்டு வாங்குங்க. ரென்னட் விஷயம் சீஸுக்கும் உண்டு.

டாய்லெட் எங்க வந்தாலும் போயிட்டு வந்துடச் சொல்லுங்க, அடுத்தது எப்போன்னு கைடுக்குத்தான் தெரியும். கைடைப் பேர் சொல்லியே கூப்பிடலாம், மரியாதைக் குறைவு இல்ல, அங்க எல்லாரையும் முதல் பேர்லதான் கூப்பிடுவாங்க, நிறைய பேருக்குக் குடும்பப் பேருன்னே ஒண்ணு கிடையாது, நம்மள மாதிரி அப்பா பேர்தான் ஒட்டிக்கும்.

காத்தாடி_மனுசன்:

நார்தர்ன் லைட்ஸ் விட்டுப்போச்சு. செப்டம்பர் கடைசின்னா இருட்டு போதும், அம்மாவுக்கு வாய்ப்பு இருக்கு. வேதுர்ங்கற அரசு வானிலை தளத்துல மேக வரைபடம் பாருங்க, அதுல வெள்ளையா இருக்குற இடம்தான் மேகம் இல்லாத இடம், பச்சைன்னா மேகம், நான் தலைகீழா புரிஞ்சுக்கிட்டு ரெண்டு ராத்திரி தூங்கிட்டேன். ஊருக்கு வெளிய இருக்குற ஹோட்டல்ல ரிசப்ஷன்ல ரூம் நம்பர் கொடுத்து வெச்சா, தெரிஞ்சா போன் பண்ணி எழுப்புவாங்க. கண்ணுக்கு முதல்ல வெளுத்த மேகம் மாதிரிதான் தெரியும், போனை நைட் மோட்ல வெச்சுப் பாத்தா பச்சை.

கைடு பிளானை மாத்தினா சண்டை போடாதீங்க, ஆரஞ்சு வானிலை வார்னிங் வந்தா அவர் அன்னிக்கு இடத்தை வெட்டித்தான் ஆகணும். ஆமா, பூட்ஸ் அரை சைஸ் பெருசா வாங்கினீங்களா? கம்பளி சாக்ஸ் தடிமனா இருக்கும்.

நெய்தல்_பொண்ணு:

ஐயோ, நேத்துதான் சரியான சைஸ்ல வாங்கிட்டு வந்தேன், பில்லைத் தேடிட்டு இருக்கேன். அம்மா இப்ப குரங்கு குல்லா போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நிக்கிறாங்க. கொலுசு மட்டும் கழட்ட மாட்டாங்களாம், மேல சாக்ஸ் போட்டுக்கறேன்கிறாங்க.

மாமியாரோட_போனவ:

குளத்துல சாக்ஸ் போட விடமாட்டாங்கன்னு சொல்லுங்க 😄