மேடைப் பாடகியின் உடையைக் காட்சிக்கு வைக்கும்முன் வெளுத்துத் தைக்கலாமா?

ஜார்ஜ் டவுன் வாசகி எழுதியது:
அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கப் பாடகி மேரியன் ஆண்டர்சன் 1939 ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகப் படிகளில் நின்று பாடியபோது அணிந்திருந்த ஆரஞ்சு நிற மேலங்கி, வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வரலாற்றுக்கென அமைந்த தேசிய அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. கறுப்பினத்தவர் என்பதால் கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் இடம் மறுக்கப்பட்டு, திறந்தவெளியில் ஏறத்தாழ 75,000 பேர் முன்னிலையில் அவர் பாடிய நிகழ்ச்சி அது. அந்தக் குரலும் காட்சியும் பதிவாகியே இருக்கும்போது, துணியைக் காப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கிறது?

இதைக் கேட்கக் காரணம் உண்டு. மறைந்த உள்ளூர்ப் பாடகி ஒருவர் 1960களில் மேடைகளில் உடுத்திய ஜரிகைப் பட்டுச் சேலைகளையும் சமிக்கி வைத்த நீண்ட கவுன் ஒன்றையும் அவருடைய குடும்பத்தார் பினாங்கிலுள்ள எங்கள் சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவற்றை டோபிக் கடையில் கொடுத்து வெளுத்து, கிழிசலைத் தைத்து, உதிர்ந்த சமிக்கிக்குப் பதில் புதியதை வைத்துக் காட்சிப்படுத்தலாம் எனச் செயற்குழுவில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுப்பதற்கு உறுதியான காரணமும் கையில் இல்லை.

செந்தூல் அன்பர் எழுதியது:
சகோதரி, நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டிலேயே விடை இருக்கிறது. அன்று குளிராக இருந்ததால் ஆண்டர்சன் உடைக்கு மேல் விலங்கின் மென்மயிர்த் தோலால் ஆன கோட்டு அணிந்துகொண்டுதான் பாடினார். நாம் காணும் படங்களோ கறுப்பு வெள்ளை. ஆகவே அந்தக் கோட்டுக்குள் அவர் எத்தனை பளிச்சென்ற நிறத்தைத் தேர்ந்து உடுத்தியிருந்தார் என்பதைப் படத்தைப் பார்த்து அறிய முடியாது. அவமதிக்கப்பட்ட ஒருவர், நாடே பார்க்கும் மேடைக்கு எப்படிப் புறப்பட்டு வந்தார் என்பதை அந்தத் துணிதான் சொல்கிறது.

உங்கள் சேலைகளையும் அப்படியே வாசிக்கலாம். தோளருகே ஊசி குத்திய துளைகள் முந்தானையை அவர் எப்படி மடித்துப் போட்டார் என்பதைக் காட்டும். இரவிக்கையின் உட்பக்கம் பிரித்துத் தைத்த தையல் வரிகள், ஆண்டுகள் செல்லச் செல்ல உடல் மாறியதையும், மூச்சு வாங்கிப் பாட இடம் விட்டதையும் காட்டக்கூடும். மடியில் படும் பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், சுருதிப்பெட்டியோ தம்புராவோ அங்கே உரசியிருக்கலாம். சந்தனக் கறையைக்கூட நான் அழுக்கு என்று கருத மாட்டேன். வெளுத்துவிட்டால் இவற்றில் பாதி போய்விடும். திரும்பப் பெற வழியில்லை.

துணிப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர், கோலாலம்பூர், எழுதியது:
கருத்து ஒருபுறம் இருக்கட்டும், தொழில்முறையிலும் அவசரப்படக் கூடாது. முதலில் அந்தச் சமிக்கி எதனால் ஆனது என்று பாருங்கள். 1920களிலும் 1930களிலும் ஜெலட்டினால் சமிக்கி செய்தார்கள். அது தண்ணீர் பட்டால் கரையும், வெப்பத்தில் உருகும். 1960களின் கவுன் என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக்காக இருக்கும், ஆனால் பழைய உடையிலிருந்து பிரித்தெடுத்துத் தைப்பதும் அக்காலத்தில் உண்டு. பிளாஸ்டிக்காயினும் அந்துருண்டை வைக்காதீர்கள், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

கவுனைத் தொங்கவிட வேண்டாம்; சமிக்கியின் பாரத்தைத் தோள் தையல் தாங்காது. அமிலமற்ற தாளை மடிப்புகளுக்குள் உருட்டி வைத்துப் பெட்டியில் கிடத்துங்கள். சேலைகளை மடிக்காமல், கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிய குழாயில் சுருட்டினால் ஜரிகை மடிப்போடு முறியாது. பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது: பினாங்கின் ஈரக்காற்றில் உறைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். காட்சிக்கு வைக்கும்போது ஒளி 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் போகாமலும், ஒரே சேலை ஆண்டு முழுவதும் வெளிச்சத்தில் இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தால் பட்டுக்கு நேரும் சேதத்தைச் சரிசெய்ய முடியாது.

பட்டர்வொர்த் மூத்த வாசகர் எழுதியது:
இத்தனையும் சரி. ஆயினும் அந்த அம்மையாரின் பிள்ளைகள் காட்சிக்கு வரும்போது, தாயின் சேலையைக் கறையோடும் கிழிசலோடும் கண்டால் வருந்த மாட்டார்களா? மேடைக்கு வருபவர் துளி மாசும் இல்லாமல் வந்து நிற்பார். அந்தத் தோற்றத்துக்கும் ஒரு மரியாதை உண்டு. எம். எஸ். சுப்புலட்சுமி உடுத்திய நீலத்தைக் காஞ்சிபுரத்து நெசவாளர் முத்துச் செட்டியார் அவருக்கென நெய்தார்; இன்றும் கடைகளில் ‘எம். எஸ். நீலம்’ என்று சொல்லி அந்நிறத்தில் சேலை கேட்கிறார்கள். அதுபோல ஒரு சேலைக்கு மட்டும் மறுநெசவு செய்து உருவப் பொம்மைக்கு உடுத்தி, மறுநெசவு என்றே எழுதி வைத்து, மூலத்தை அருகில் பெட்டியில் கிடத்தலாமே.

ஜார்ஜ் டவுன் வாசகி எழுதியது:
ஐயா, மறுநெசவு யோசனையைக் குடும்பத்தாரிடம் முதலில் சொல்லி, அவர்கள் இசைந்தபின் செயற்குழுவுக்குக் கொண்டுபோகிறேன். கவுனை இன்றே தாங்கியிலிருந்து இறக்கிக் கிடத்திவிடுகிறோம். எதையும் தொடும்முன் ஒவ்வொரு கறையையும் தையலையும் படமெடுத்து, எந்த மேடையில் எதை உடுத்தினார் என்று மூத்த மகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளவிருக்கிறோம். அமிலமற்ற தாள் பினாங்கில் எங்கே கிடைக்கும் என்று யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.