ஜெல் + புரோஜெஸ்டிரோன் கேப்சூல்: 6 வாரமாகியும் சொட்டுச் சொட்டாய் ரத்தம், காலையில் கிறுகிறுப்பு

பூங்கோதை:
வயது 51. மாதவிடாய் நின்று 14 மாதம், கர்ப்பப்பை இருக்கிறது. அதன் தொல்லைகளுக்கு 6 வாரமாக ஹார்மோன் சிகிச்சை: தினமும் 0.06% எஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்) ஜெல் 2.5 கிராம், ராத்திரி மைக்ரோனைஸ்டு (நுண்துகளாக்கிய) புரோஜெஸ்டிரோன் கேப்சூல் 100 மி.கி. குப்பென்று வரும் வியர்வை பாதிதான் குறைந்திருக்கிறது. நடுநடுவே பேடில் ரத்தக்கறை, காலையில் கிறுகிறுப்பு, மார்பில் கனம். கேப்சூலை மட்டும் விட்டுவிடலாமா? தைராய்டு மாத்திரையும் எடுக்கிறேன்.

செவ்வந்தி:
கேப்சூலை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்க பூங்கோதை. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும்; அதை அடக்கி வைப்பது புரோஜெஸ்டிரோன்தான். மாதக்கணக்கில் ஜெல் மட்டும் போட்டால் சவ்வு தடித்து, புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

கிறுகிறுப்புக்கு முதலில் நேரத்தைப் பாருங்க. சாப்பாட்டோடு போட்டால் மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறும், மயக்கம் மறுநாள் காலை வரை இழுக்கும். சாப்பிட்டு 2 மணி நேரமாவது கழித்து, படுக்கும்போது தண்ணீரோடு விழுங்குங்க. அப்படியும் தீரவில்லையென்றால் டாக்டர் வேறு புரோஜெஸ்டோஜனுக்கு (புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் மருந்து) மாற்றலாம். கர்ப்பப்பைக்குள் வைக்கும் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் (இதுவும் ஒரு புரோஜெஸ்டோஜன்) சாதனமும் சவ்வைக் காக்கும்.

நாச்சியார்:
வியர்வை பாதியில் நிற்பதற்கு ஜெல் போடும் விதமும் காரணமாகலாம். குளித்துத் துடைத்த, ஈரமில்லாத தோலில் போடணும். மேல்கையின் வெளிப்பக்கமோ தொடையோ சரி. மார்பில் கூடவே கூடாது. அகலமாக, மெல்லிசாகப் பரப்பினால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். 5 நிமிஷம் காய்ந்த பிறகு துணி போடுங்க. 1 மணி நேரத்துக்கு அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது. தேங்காயெண்ணெயோ க்ரீமோ தடவிய தோலில் மருந்து ஒரே அளவாக இறங்காது. எண்ணெய்க் குளியல் நாளில் பலரும் இதைக் கவனிப்பதில்லை. கண்ணளவில் பிதுக்காமல் அளவுக் கரண்டியில் எடுங்க: 2.5 கிராமில் எஸ்ட்ரடயால் 1.5 மி.கி. போட்டதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க. அந்த இடத்தைத் துணியால் மறைக்காமல் குழந்தையைத் தூக்காதீங்க, மருந்து அதன் தோலுக்கும் ஒட்டும்.

எப்படியும் முழுப் பலன் தெரிய 3 மாதம் ஆகும். அதற்குள் தானாக அளவைக் கூட்ட வேண்டாம்.

செவ்வந்தி:
ரத்தக்கறை பற்றி விட்டுப்போச்சு. இரண்டு மருந்தையும் தினமும் எடுப்பவர்களுக்கு முதல் 3 முதல் 6 மாதம் இப்படிச் சொட்டுவது சகஜம். எந்த நாள், எவ்வளவு என்று காலண்டரில் குறித்து வைங்க. 6 மாதம் தாண்டினாலோ, கனமாகப் போனாலோ, நின்று கொஞ்ச காலம் கழித்துத் திரும்ப வந்தாலோ தாமதிக்காமல் பெண்ணுறுப்பு வழி ஸ்கேன் எடுக்கணும். உள்சவ்வு 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் வழக்கமாக பயாப்ஸி (சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வரைக்கும் போவார்கள்.

மார்பு கனமும் பெரும்பாலும் 3 மாதத்தில் அடங்கும். கட்டி தட்டுப்பட்டால் மட்டும் காத்திருக்காதீங்க.

மருதாணி:
தைராய்டுக்கு: ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும்; தைராக்ஸின் (தைராய்டு மாத்திரை) அளவைக் கூட்ட வேண்டிவரலாம். ஜெல் தோல்வழி நேராக ரத்தத்துக்குப் போவதால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ரத்தம் உறையும் அபாயத்திலும் மாத்திரையைவிட ஜெல்தான் மேல். பின்னால் மாத்திரைக்கு மாறினால் 6 முதல் 12 வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு சரியாக இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்க.

பூங்கோதை:
சாப்பிட்ட கையோடுதான் கேப்சூல் போடுறேன், இன்றைக்கே மாற்றிக்கிறேன். ஒரு ராத்திரி மறந்துவிட்டால்?

செவ்வந்தி:
மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் போடுங்க, இரண்டாகச் சேர்க்க வேண்டாம். விட்டதால் ஒன்றிரண்டு நாள் கறை படலாம், அதையும் காலண்டரில் எழுதுங்க.