ஆர்கானுக்கு மட்டும் ‘சோம்பேறி’ என்ற பெயர் ஏன்?

கேள்வி:
காற்றில் சிறிதளவு கலந்துள்ள ஆர்கான் என்னும் வாயுவின் பெயர் ‘சோம்பேறி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. காற்றில் பெரும்பங்காக இருக்கும் நைட்ரஜனும் எளிதில் எதனோடும் வினைபுரிவதில்லை. அப்படியிருக்க, இந்தப் பட்டம் ஆர்கானுக்கு மட்டும் கிடைத்தது ஏன்?

பதில்:
அந்த வாயு பிரித்தெடுக்கப்பட்ட முறையிலேயே காரணம் இருக்கிறது. காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 1.257 கிராமும், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜன் 1.251 கிராமும் இருப்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு கண்டார். காற்றின் நைட்ரஜனில் அதைவிடக் கனமான வேறொரு வாயு கலந்திருந்ததே இதற்குக் காரணம். அரை விழுக்காடு அளவேயான இந்த வேறுபாட்டை அளவீட்டுப் பிழை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை என்பதுதான், என் பார்வையில், இந்த வரலாற்றின் உயிர்நாடி. பின்னர் வேதியியலாளர் வில்லியம் ராம்சே, காற்றின் நைட்ரஜனைப் பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தின் மீது மீண்டும் மீண்டும் செலுத்தினார். நைட்ரஜன் மக்னீசியத்தோடு சேர்ந்து நைட்ரைடாக மாறிவிட, எதற்கும் அசையாத ஒரு வாயு மட்டும் எஞ்சியது. அதாவது, நைட்ரஜனைப் பணியவைத்த அதே வெப்பத்தில் இது பணியவில்லை. குளோரின், பாஸ்பரஸ், சோடியம் ஆகியவற்றோடும் சேரவில்லை. 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டில் நடந்த அறிவியல் கூட்டத்தில் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டபோது, அமர்வுக்குத் தலைமை வகித்த மேடன் இப்பெயரை முன்மொழிந்தார். ‘எர்கான்’ என்றால் வேலை. முன்னால் வரும் ‘அ’ எதிர்மறை. இரண்டும் இணைந்த ‘ஆர்கோஸ்’ என்ற சொல்லின் அஃறிணை வடிவமே ஆர்கான்.

மற்றொரு பதில்:
ஆங்கிலேய வேதியியலாளர் கேவண்டிஷையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர் 1785-இல் மின் தீப்பொறிகளைக் கொண்டு காற்றின் நைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து நீக்கியபோது, மொத்தத்தில் 120-இல் ஒரு பங்குக்கு மிகாத சிறு குமிழி கரையாமல் நின்றதாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் கையில் அகப்பட்டது பெரும்பாலும் ஆர்கான்தான். பெயர் சூட்ட இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், அதே மந்த வாயுக் குடும்பத்தைச் சேர்ந்த ஹீலியத்தின் பெயர் மட்டும் வேறு விதமாக முடிவது ஏன்?

பதில்:
சூரியனைக் குறிக்கும் ‘ஹீலியோஸ்’ அதன் வேர். 1868-இல் சூரிய நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோட்டுக்கு உரிய தனிமம் ஓர் உலோகமாக இருக்கும் என்று வானியலாளர் லாக்யர் கருதியதால், சோடியம், பொட்டாசியம் போல ‘இயம்’ என்ற ஈறு ஒட்டிக்கொண்டது. 1898-இல் கிடைத்த நியான், கிரிப்டான், செனான் ஆகியவை ஆர்கானின் ஈற்றையே பின்பற்றின.

மற்றொரு பதில்:
ஆர்கானின் பெயர் முற்றிலும் பொருந்துகிறது என்றும் இப்போது சொல்ல இயலாது. 1895-இல் ராம்சே அனுப்பிய ஆர்கானைப் பிரெஞ்சு வேதியியலாளர் மொய்சான் புளோரினோடு சேர்க்க முயன்று தோற்றார். ஆயினும் 2000-ஆம் ஆண்டில் ஹெல்சின்கி ஆய்வாளர்கள், ஹைட்ரஜனும் புளோரினும் ஆர்கானோடு பிணைந்த ஒரு சேர்மத்தைக் கடுங்குளிரில் உருவாக்கினர். ஏறத்தாழ −246 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது சிதைந்துவிடுகிறது.