ஒற்றைச்சூட்டு றைபிளின்ர அறையை நீட்டி வெட்டலாமோ?

சுன்னாகம்_கடைசல்:

வணக்கம். நான் சுன்னாகத்தில லேத் பட்டறை வைச்சிருக்கிறன். தண்ணிப்பம்பி சாஃப்ட், உழவு இயந்திரத்துக்கு புஷ், வள்ளத்து புரொபெல்லர் சாஃப்ட் இதுகள்தான் என்ர வேலை. துவக்கு வேலை எனக்குத் தெரியாது, அதால கேக்கிறன்.

மச்சான் கனடாவில இருக்கிறார், மான் வேட்டைக்குப் போறவர். அவரிட்ட எச் அண்ட் ஆர் ஹாண்டி றைபிள் ஒண்டு இருக்கு. முறிச்சுத் திறந்து ஒரேயொரு ரவை போடுற வகை, .357 மக்னம். அது காணாதாம், .357 மக்சிமம் போடக்கூடிய மாதிரி மாத்தப்போறாராம். "குண்டும் அதே விட்டம், கோதும் அதே விட்டம். நீளம்தான் கூட. ரவை இருக்கிற அறையை 8 மில்லிமீற்றர் ஆழமாக்கினால் முடிஞ்சுது" எண்டு சொல்லுறார். அதுக்கு ரீமர், அதுதான் துளையை அளவுக்கு வெட்டுற கருவி, ஒண்டு கடைஞ்சு அனுப்பச் சொல்லி வரைபடமும் வந்திருக்கு.

வரைபடத்தைப் பாத்தால் சின்ன வேலைதான். ஆனா மனம் ஒப்பேல்லை. ஆழமாக்கினால் மட்டும் போதுமோ? கூடின வேகத்தை எது தாங்குது? விளங்கின ஆக்கள் சொல்லுங்கோ.

வல்வெட்டி_கரை:

தம்பி, ரீமரைத் தொடாதேங்கோ. இங்க துவக்கு வைச்சிருக்கவே 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேணும். துவக்குக் குழல் வெட்டுற கருவியும் வரைபடமும் யாழ்ப்பாணத்துப் பட்டறையொண்டில கிடந்தால் ஆருக்கு என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்துவியள்? மச்சானுக்கு அது பொழுதுபோக்கு. உங்களுக்கு அது சீவியம்.

இணுவில்_திரும்பினவன்:

நான் கனகாலம் ஒன்ராறியோவில துவக்குத் திருத்துற கடையொண்டில நிண்டனான். இப்ப ஊரோட.

மச்சான் சொன்ன அளவு சரி. மக்னம் கோது 32.8 மில்லிமீற்றர், மக்சிமம் 40.8. விட்டமும் விளிம்பும் ஒண்டுதான். இந்த இரண்டு ரவையும் கோதின்ர அடி விளிம்பு தடுத்துத்தான் அறையில நிக்கிறபடியால், விளிம்பு இருக்கிற பள்ளத்தைத் தொடாமல் முன்பக்கத்தை மட்டும் நீட்டலாம். அறை மாத்துற வேலைகளுக்குள்ள இது லேசானது எண்டுதான் அங்க சொல்லுவினம், கனபேர் இதே றைபிளில செய்விச்சும் இருக்கினம்.

ஆனா நீங்கள் கேட்ட கேள்விதான் உண்மையான கேள்வி. எது தாங்குது? எல்லாரும் குழலைத்தான் பாப்பினம். வெடிக்கேக்க கோது பின்னுக்கு உதைக்கும். அந்த உதையை வாங்குறது குழல் இல்லை. பிறேம் எண்ட உடற்சட்டம், பிணைச்சல் ஆணி, பூட்டுற கொண்டி, இந்த மூண்டும்தான். கதவு எவ்வளவு தடிப்பெண்டாலும் காத்தைத் தாங்குறது கொண்டிதானே.

கணக்கைப் பாருங்கோ. அமெரிக்கத் தரநிர்ணயத்தில மக்னத்துக்கு உச்ச அமுக்கம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தினை இறாத்தல் எண்ட கணக்கு), மக்சிமத்துக்கு 40,000. கோதின்ர வெளிவிட்டம் 9.6 மில்லிமீற்றர். பரப்பால பெருக்கினால் உதை 1.8 தொன்னில இருந்து 2 தொன்னுக்குக் கொஞ்சம் மேல போகுது. பெரிய பாய்ச்சல் இல்லை. இதே பேரில .308 வின்செஸ்டருக்கும் றைபிள் வந்தது. அதுக்கு 62,000 பிஎஸ்ஐ, கோதும் தடிப்பு. உதை 5 தொன்னுக்குக் கிட்ட வரும். அப்ப அந்தப் பிறேம் தாங்குமெண்டு சொல்லலாம், ஆனா எந்தப் பிறேம்? கம்பனி ஷொட்கன்னுக்கு எஸ்பி1 எண்டும், கூடின அமுக்கத்து றைபிளுக்கு எஸ்பி2 எண்டும் இரண்டு விதம் செய்தது. வெளியில பாத்தால் இரண்டும் ஒரே சாயல். முத்திரையை வாசிக்காமல் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது.

.357 மக்சிமத்தின்ர கதையையும் மச்சானுக்குச் சொல்லுங்கோ. 1983 அளவில ரூகர் கம்பனி அதுக்கெண்டு ரிவோல்வர் விட்டது. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையில இருக்கிற நீக்கலால சுவாலை பாய்ஞ்சு மேல்சட்டத்தை அரிக்குதெண்டு கெதியிலேயே நிப்பாட்டிப்போட்டினம். ஒற்றைச்சூட்டில அந்த நீக்கல் இல்லை. அதாலதான் ரிவோல்வரில நிண்டுபிடிக்காத ரவை இந்தமாதிரி றைபிளில நல்லா உழைக்குது.

இன்னும் இரண்டு விசயம் இருக்கு. ஒண்டு, அறைச் சுவர் பளபளப்பா, எண்ணெய் இல்லாமல் இருக்கவேணும். வெடிக்கிற நேரம் கோது விரிஞ்சு சுவரைப் பிடிச்சு உதையில ஒரு பங்கைத் தான் வாங்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது, முழு உதையும் கொண்டிக்குப் போகும். கரடுமுரடா வெட்டினால் மறுபக்கம், கோது சிக்கி வெளியில வராது. இதாலதான் சாதாரண லேத் ரீமர் சரிவராது. கடினப்படுத்தினாப் பிறகு அரைச்சு எடுக்கவேணும், முன்னால குழலுக்குள்ள ஓடுற வழிகாட்டி முனை இருக்கவேணும். அங்க அதை வாடகைக்கே எடுக்கலாம். நீங்கள் இங்க இருந்து மினைக்கெட ஒரு தேவையுமில்லை.

மற்றது, வெட்டினது வெட்டினதுதான். நீட்டின அறையில பழைய மக்னம் ரவையும் போகும், வெடிக்கும். ஆனா குண்டு, குழலுக்குள்ள அதைச் சுழற்றுற திருகு வரிகளைத் தொட முதல் கூடத்தூரம் சும்மா பாயும், குறி குறையலாம். மக்சிமம் ரவை கடையில லேசில அம்பிடாது, கனபேர் தாங்களே நிரப்புறவை. மச்சானுக்கு அந்தப் பழக்கம் இருக்கோ? இல்லையெண்டால் மாத்தி என்ன பிரயோசனம்?

சுன்னாகம்_கடைசல்:

அண்ணை, நேற்றிரவு மச்சானோட கதைச்சனான். முத்திரை எஸ்பி2 எண்டு சொல்லுறார். ரவை தானே நிரப்புறவராம், அதுக்குரிய சாமான் எல்லாம் இருக்காம். ஆனா மூடிப் பூட்டிப்போட்டு குழலைப் பிடிச்சு ஆட்டினால் கொஞ்சம் ஆடுதாம். பழைய துவக்கெண்டால் அப்பிடித்தான் எண்டு சொல்லிச் சிரிக்கிறார். ரீமர் செய்யமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.

இணுவில்_திரும்பினவன்:

ஆடினால் ஒண்டும் வெட்டக்கூடாது. இப்ப இருக்கிற மக்னமும் சுடக்கூடாது, அதை முதல் சொல்லுங்கோ. ஆட்டம் எண்டால் பிணைச்சல் ஆணியோ கொண்டியோ தேய்ஞ்சிருக்கு, இல்லாட்டி அந்தக் குழல் அந்தப் பிறேமுக்குப் பொருத்தினதே இல்லை. குழல் தனியா, பிறேம் தனியா வாங்கிச் சேத்த றைபிள் சந்தையில கனக்கக் கிடக்கு. முந்தியெண்டால் கம்பனிக்கு அனுப்பிப் பொருத்துவிக்கலாம். 2015இல செய்யிறதையே நிப்பாட்டிப்போட்டினம்.

அனுமதி உள்ள துவக்குத் திருத்துறவர் ஒருத்தரிட்டக் கொண்டுபோய், பூட்டின நிலையில குழலின்ர பின்முகத்துக்கும் பிறேமுக்கும் இடையில எவ்வளவு நீக்கல் எண்டு அளப்பிக்கச் சொல்லுங்கோ. ஆணி மாத்தி இறுகினால் அதுக்குப் பிறகு அவரே அறையை நீட்டி, அளவுக்கட்டை போட்டுப் பாத்து, குழலில பழைய பேரை வெட்டி .357 மக்சிமம் எண்டு புதுசா அடிச்சுத் தருவார். பேர் அடிக்காமல் வாங்கவேண்டாம். நாளைக்கு அந்தத் துவக்கு ஆற்ற கைக்குப் போனாலும், உள்ளுக்கு என்ன இருக்கெண்டு அந்த எழுத்துத்தான் சொல்லவேணும்.

இறுகாட்டி, மான் சுட .308இல பாவிச்ச றைபிள் ஒண்டு வாங்கச் சொல்லுங்கோ. மாத்துற செலவோட பாத்தால் பெரிய வித்தியாசம் வராது, ரவையும் எந்தக் கடையிலயும் இருக்கும்.

சுன்னாகம்_கடைசல்:

நன்றி அண்ணை. நீங்கள் எழுதினதை அப்பிடியே மச்சானுக்கு அனுப்பிப்போட்டன். வரைபடத்தையும் அழிச்சிட்டன்.