சோறு 100 கிராமுக்கு 130 கலோரி: இந்த எண்ணை நம்பலாமா?

எடைக்கல் | காலை 6:40

"எடை குறையவே இல்லை" என்ற விவாத இழையில் நிழல்மரம் நேற்று இரவு எழுதியது இது: "சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. தட்டைத் தராசில் வைத்து, வரும் எடையை அப்படியே பதிந்துகொள்ளுங்கள். வேகாத அரிசியை எடை போடுவதெல்லாம் வெட்டி வேலை." கீழே வரிசையாகப் பாராட்டுகள். படித்ததும் தூக்கம் போய்விட்டது.

தண்ணீருக்குக் கலோரி கிடையாது. வேகாத வெள்ளை அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 365 கலோரி இருக்கிறது. அந்த 100 கிராம் வெந்த பிறகு 220 கிராமாகவும் நிற்கலாம், 350 கிராமாகவும் நிற்கலாம். எவ்வளவு தண்ணீர் வைத்தீர்கள், எவ்வளவு ஆவியாகப் போனது என்பதைப் பொறுத்த விஷயம் அது. 220 என்றால் 100 கிராம் சோற்றில் 166 கலோரி. 350 என்றால் 104. இரண்டுக்கும் ஒரே 130-ஐ எழுதச் சொல்பவர் புதியவர்களுக்கு அறிவுரை கூறலாமா?

நிழல்மரம் | காலை 7:15

விடிந்ததும் என் பெயரில் தனி இழை. நன்றி.

130 என் கற்பனை அல்ல. அமெரிக்க வேளாண்துறையின் உணவுத் தரவுத்தளத்தில் சமைத்த வெள்ளை நீள அரிசிக்குப் போட்டிருக்கும் எண் அது. நீங்கள் பெருமையாக நீட்டும் 365-ம் அதே தரவுத்தளத்தில் இருப்பதுதான். ஒன்றை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடுவது என்ன நியாயம்?

நான் தினமும் ஒரே பாத்திரத்தில், ஒரே அளவு தண்ணீரில் சமைக்கிறேன். பிழை இருந்தாலும் அது தினமும் ஒரே பக்கம்தான் சாயும். வாரக் கடைசியில் உடல் எடையைப் பார்த்து அளவைக் கூட்டுகிறேன், குறைக்கிறேன். எடை குறைந்திருக்கிறது. வேறு என்ன சான்று வேண்டும்?

எடைக்கல் | காலை 7:22

உங்கள் எடை குறைந்த கதையை நான் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: உங்கள் பாத்திரத்தில் 100 கிராம் அரிசி எத்தனை கிராம் சோறாகிறது? அது தெரியாமல் 130 என்று எப்படி எழுதினீர்கள்?

நிழல்மரம் | காலை 7:30

365-ஐ 130-ஆல் வகுத்தால் 2.8. என் சோறும் அந்தப் பக்குவத்தில்தான் இருக்கிறது.

எடைக்கல் | காலை 7:33

"அந்தப் பக்குவத்தில்". கண்ணால் பார்த்துச் சொல்கிறீர்கள். தராசு வாங்கிய பிறகும் கண்ணை நம்புகிறவரிடம் என்ன பேச?

தென்றல் | காலை 9:05

நீங்கள் இருவரும் உங்களுக்கு மட்டும் சமைத்துக்கொள்பவர்கள் என்பது நன்றாகத் தெரிகிறது. ஐந்து பேருக்கு ஒரே பாத்திரத்தில் சமைக்கும் வீட்டில் என் பங்கு அரிசியை மட்டும் எப்படித் தனியாக எடை போடுவது? என் பருக்கைகளுக்கு அடையாளம் வைக்கவா?

நான் செய்வதைச் சொல்கிறேன். காலிப் பாத்திரத்தின் எடை 640 கிராம், அதை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அரிசி 300 கிராம், அதாவது 1,095 கலோரி. வெந்த பிறகு பாத்திரத்தோடு வைத்தால் இன்று 1,480 கிராம். பாத்திரத்தைக் கழித்தால் சோறு 840. 1,095-ஐ 840-ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு 1.30. என் தட்டில் விழும் எடையை அதனால் பெருக்கிக்கொள்கிறேன். இதற்கு இவ்வளவு சண்டை எதற்கு?

நிழல்மரம் | காலை 9:11

1.30. அதாவது 100 கிராமுக்கு 130. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். எடைக்கல் ஐயா கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கட்டும்.

எடைக்கல் | காலை 9:14

ஒரு நாள், ஒரு பாத்திரம். அதிலும் தென்றல் முதலில் எடை போட்டது எதை? வேகாத அரிசியை. நான் சொன்னதும் அதைத்தான்.

தென்றல் | காலை 9:20

நீங்கள் அதைச் சொல்லவில்லை. வேகாத அரிசிதான் கணக்கு என்றீர்கள். வெந்ததையும் எடை போடாவிட்டால் பாத்திரத்தில் இருப்பதை எப்படிப் பங்கிடுவது? என் முறையை எடுத்து உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எடைக்கல் | காலை 9:24

வெந்ததை எடை போடக் கூடாது என்று எங்கே எழுதினேன்? வரியைக் காட்டுங்கள். 130-ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

கணக்கன் | காலை 10:48

நண்பர்களே, நீங்கள் பிடித்துத் தொங்கும் 365-ம் ஒரு சராசரிதான். மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்ற பெருக்கெண்கள் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. எல்லா உணவும் உடலில் அதே அளவில் உறிஞ்சப்படுவதில்லை. 2012-இல் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் பாதாமைச் சோதித்தார்கள். 28 கிராமுக்கு வழக்கமான கணக்கில் 170 அளவில் வரும். ஆனால் உடலுக்கு உண்மையில் கிடைத்தது 129 கலோரி. பொட்டல லேபிளில் அச்சிட்ட கலோரியைவிட உள்ளே 20 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் அமெரிக்க விதிமுறை பொறுத்துக்கொள்கிறது.

இந்த லட்சணத்தில் 130-ஆ 166-ஆ என்று அடித்துக்கொள்கிறீர்கள். எண்ணெயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம்கூட இராது, ஆனால் ஏறத்தாழ 120 கலோரி. அதைப் பாட்டிலிலிருந்து கைபோன போக்கில் ஊற்றுகிறோம். பாட்டிலைத் தராசில் நிறுத்தி, திரையைச் சுழியாக்கிவிட்டு (0 காட்டச் செய்து), ஊற்றிய பின் மறுபடி வைத்தால் எவ்வளவு குறைந்தது என்று தராசே காட்டும். அதைச் செய்பவர் இங்கே எத்தனை பேர்?

எடைக்கல் | காலை 10:55

பாதாமுக்குத் தனி இழை திறங்கள். எண்ணெய்க்கும் திறங்கள். இந்த இழை 130-க்கு.

கணக்கன் | காலை 11:02

இதையேதான் இரவு உணவு இழையிலும் செய்தீர்கள். எட்டு மணிக்கு மேல் சாப்பிட்டால் கொழுப்பாகிறது என்று சொன்னவரை நான் மறுத்தபோது "தலைப்புக்கு வாருங்கள்" என்று என்னை அடக்கினீர்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மறக்கவில்லை.

எடைக்கல் | காலை 11:05

அந்த இழையில் நீங்கள் எழுதிய எட்டுப் பத்தியில் ஒரு பத்திகூடத் தலைப்பைத் தொடவில்லை. அதனால்தான் சொன்னேன். 130-க்கு வாருங்கள்.

பழையஓடை | மதியம் 12:30

பாத்திரத்துக்கு எடை, பாட்டிலுக்கு எடை. தராசு இல்லாத காலத்தில் மனிதர்கள் மெலிந்து இருக்கவில்லையா? பசித்தால் சாப்பிடு, பாதி வயிற்றில் எழுந்திரு. இதற்கு மேல் ஒரு கணக்கும் தேவையில்லை.

நிழல்மரம் | மதியம் 12:41

இந்த ஒரு விஷயத்தில் எடைக்கல்லும் நானும் ஒரே பக்கம்தான் நிற்போம். 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் படியுங்கள். நாளுக்கு 1,200 கலோரிக்குக் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். பாதி வயிறு எது என்பது வயிற்றுக்கே தெரியாது.

பழையஓடை | மதியம் 12:50

அந்த ஆய்வில் அப்படிச் சொன்னவர்கள் பத்தே பேர். பத்துப் பேரை வைத்து ஊருக்கே தராசு வாங்கச் சொல்கிறீர்களா?

எடைக்கல் | மதியம் 12:53

நிழல்மரம் என்னை அவர் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். வயிற்றுக்குத் தெரியாது, சரி. 130 போட்டவருக்கு மட்டும் தெரியுமா?

மழைத்துளி | மதியம் 1:20

வணக்கம், நான் இங்கே புதியவள். நான் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுவேன். அப்படியானால் வேகாத எடையைப் பதிவதா, வெந்த எடையைப் பதிவதா?

எடைக்கல் | மதியம் 1:24

வேகாத எடை. இதில் சந்தேகமே வேண்டாம்.

நிழல்மரம் | மதியம் 1:29

சந்தேகமே வேண்டாமாம்! வடித்த நீரை ஆறவைத்துப் பாருங்கள் ஐயா. வெண்மையாகக் கெட்டிப்படுகிறதே, அது மாவுச்சத்து. அதைக் கீழே கொட்டிவிட்டு 365-ஐ முழுதாகப் பதிந்தால் சாப்பிடாததையும் சாப்பிட்டதாகக் கணக்கு எழுதுகிறீர்கள். உங்கள் துல்லியம் வடிதட்டிலேயே போய்விட்டது.

எடைக்கல் | மதியம் 1:33

சிறு அளவு. கூடுதலாகப் பதிவதால் எடை குறைப்பவருக்கு நஷ்டமில்லை. குறைவாகப் பதிவதுதான் ஆபத்து.

நிழல்மரம் | மதியம் 1:35

என் பிழை ஆபத்து. உங்கள் பிழை சிறு அளவு.

மழைத்துளி | மதியம் 1:50

அப்படியானால் எதைப் பதிவது?

கணக்கன் | மதியம் 2:10

முதலில் உங்கள் தராசு சரியா என்று யாராவது பார்த்தீர்களா? திரையில் 1 கிராம் வரை காட்டுவதால் 1 கிராம் வரை சரியாக இருக்கிறது என்று பொருளில்லை. கீழே துணி விரித்திருந்தாலோ, மேடை சாய்ந்திருந்தாலோ எண் மாறும். இன்னொன்று: சில தராசுகள் மிக மெதுவாகக் கூடும் எடையைச் சுழியின் தடுமாற்றம் என்று கருதிக் கழித்துவிடும். விதைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் பாருங்கள், திரை நகராமலே நிற்கும். பாத்திரத்தைத் தூக்கி மறுபடி வைத்தால்தான் உண்மையான எடை தெரியும். இது தெரியாமல்...

எடைக்கல் | மதியம் 2:13

என் தராசைப் படிக்கல் வைத்துச் சோதித்துத்தான் பயன்படுத்துகிறேன். என் பெயரே அதுதான்.

தென்றல் | மறுநாள் காலை 8:30

இன்று சமைத்தேன். அதே 300 கிராம் அரிசி, அதே பாத்திரம். அடுப்பை அணைக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. சோறு 735 கிராம்தான். ஒரு கிராமுக்கு 1.49. அவ்வளவுதான், தகவலுக்காகச் சொன்னேன்.

எடைக்கல் | மறுநாள் காலை 8:32

149! ஒரே வீடு, ஒரே பாத்திரம், ஒரே அரிசி. நேற்று 130, இன்று 149. ஒரு வேளைக்கு 250 கிராம் சாப்பிட்டால் 47 கலோரி வித்தியாசம். இரு வேளைக்கு 95. மாதத்துக்கு 2,850. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்தால் மாதம் மூன்றில் ஒரு கிலோவுக்கு மேல் கணக்கில் தொலைகிறது. நேற்றே இதைத்தான் சொன்னேன். முன்தினம் "எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கூவியவர் இப்போது எங்கே?

நிழல்மரம் | மறுநாள் காலை 8:50

இங்கேதான் இருக்கிறேன். மாதம் முப்பது நாளும் அடுப்பை அணைக்கத் தாமதமானால்தான் உங்கள் கணக்கு சரி. ஒரு நாள் 149, ஒரு நாள் 115 என்று வந்தால் மாதக் கடைசியில் எங்கே வந்து நிற்கும்? 130-ஐ ஒட்டித்தான். உடலில் சேமிக்கப்படும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. உப்பு கூடினால் இன்னும் தண்ணீர் சேரும். உடல் எடையே ஒரு நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குகிறது. நீங்கள் 47 கலோரியைத் துரத்துகிறீர்கள்.

கணக்கன் | மறுநாள் காலை 9:15

7,700 என்பதும் நேர்கோடாகப் போகாது. 1958-இல் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் எழுதிய கணக்கு அது, ஒரு பவுண்டுக்கு 3,500 என்று. எடை குறையக் குறைய உடல் செலவிடும் கலோரியும் குறையும். எனவே அந்த "மூன்றில் ஒரு கிலோ" மாதாமாதம் அப்படியே கூடிக்கொண்டு போகாது. இதையும் நான் முன்பே ஓர் இழையில் விளக்கியிருக்கிறேன். யார் படிக்கிறார்கள்?

எடைக்கல் | மறுநாள் காலை 9:18

115 வந்ததாக யார் சொன்னது? தென்றல் சொன்னது 130, 149. நீங்களாக 115-ஐ உருவாக்கிச் சராசரி போடுகிறீர்கள். உங்கள் பாத்திரத்துச் சோற்றின் எடையை நேற்றுக் காலையிலிருந்து கேட்கிறேன்.

நெறியாளர் | மறுநாள் காலை 9:40

தனிப்பட்ட தாக்குதல்களைத் தவிர்க்கவும். இரவு உணவு இழையின் சண்டையை இங்கே தொடர வேண்டாம்.

கணக்கன் | மறுநாள் காலை 9:44

தொடங்கியது நான் அல்ல என்பதைப் பதிவு செய்கிறேன்.

எடைக்கல் | மறுநாள் காலை 10:02

தென்றலிடம் ஒன்று கேட்க வேண்டும். 735 எடுத்தபோது பாத்திரம் சூடாக இருந்ததா? சூடான பாத்திரத்தை நேரடியாகத் தராசில் வைத்தால் உள்ளே இருக்கும் உணரி சூடேறி எண் தடுமாறும்.

தென்றல் | மறுநாள் காலை 10:10

சற்று முன்புதான் என் 149-ஐ எடுத்துக்கொண்டு துள்ளினீர்கள். இப்போது அதையே சந்தேகப்படுகிறீர்களா? மரப்பலகை போட்டு அதன் மேல்தான் பாத்திரத்தை வைத்தேன். பலகையை வைத்துச் சுழியாக்கிய பிறகுதான்.

எடைக்கல் | மறுநாள் காலை 10:13

சந்தேகம் இல்லை, சரிபார்க்கிறேன். இரண்டும் வேறு. பலகை கழுவி ஈரமாக இருந்ததா, உலர்ந்திருந்ததா?

நிழல்மரம் | மறுநாள் காலை 10:15

ஈரமாக இருந்தால் மட்டும் என்ன? பலகையை வைத்த பிறகுதானே சுழியாக்கினார்?

எடைக்கல் | மறுநாள் காலை 10:16

கேட்டது தென்றலிடம். நீங்கள் உங்கள் பாத்திரத்துச் சோற்றின் எடையைச் சொல்லுங்கள்.

மழைத்துளி | மறுநாள் காலை 11:30

மன்னிக்கவும், வடித்த சோற்றுக்கு எதைப் பதிவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

எடைக்கல் | மறுநாள் காலை 11:34

வேகாத எடை என்று நேற்றே சொல்லிவிட்டேன். மேலே போய்ப் பாருங்கள்.

நிழல்மரம் | மறுநாள் காலை 11:35

வடித்த பின் எடை போட்டு 100 கிராமுக்கு 130 என்று பதியுங்கள். அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.