முதுகு பிளந்த பேப்பர்பேக்: எந்தப் பசை நிலைக்கும்?

பழையஏடு:
320 பக்கப் பேப்பர்பேக். முதுகு நடுவில் பிளந்து தாள்கள் கொத்துக்கொத்தாகக் கழன்றுவிட்டன. எல்லாம் ஒற்றைத் தாள்கள், மடிப்பு இல்லை, தைக்க முடியாது. மரவேலைக்கான வெள்ளைப் பசையும் மைதாப் பசையும் கைவசம் உள்ளன. எது நீடிக்கும்? மைதாவில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கலாமா?

காலிக்கோ:
இரண்டும் வேண்டாம். மரவேலைப் பசை காய்ந்தால் விறைத்துவிடும். முதுகோ புத்தகம் விரியும்போதெல்லாம் வளைய வேண்டியது. அதனால் மறுபடி கோடு விழுந்து பிளக்கும். மைதாப் பசை தாள்மேல் தாளை நன்றாக ஒட்டும், ஆனால் ஒற்றைத் தாள்களின் விளிம்பைப் பிடித்து நிறுத்தாது. காய்ந்த பின்னும் வளைந்து கொடுக்கும், அமிலமற்ற பி.வி.ஏ. (பாலிவினைல் அசிடேட்) புத்தகப் பசை வாங்குங்கள். பிளாஸ்டிக் தாளில் மெல்லத் தடவி, ஒரு நாள் கழித்து உரித்து மடித்துப் பாருங்கள். முறிந்தால் முதுகுக்கு ஆகாது.

முக்கியமானது பழைய ஹாட்மெல்ட், அதாவது அச்சகத்தில் சூடாக உருக்கி முதுகில் பூசிய பசை. துளி மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் புதுப் பசை பிடிக்காது. சுரண்டுவதைவிட முதுகு விளிம்பை 2 மி.மீ. வெட்டிவிடுவது மேல். பிறகு தாள்களைத் தட்டிச் சமன்செய்து, முதுகுப் பக்கம் 3 செ.மீ. வெளியே நிற்கும்படி இரு பலகைகளுக்கு நடுவே இறுக்குங்கள். அந்த விளிம்பை ஒரு பக்கம் சாய்த்து மெல்லப் பூசி, உடனே மறுபக்கம் சாய்த்தும் பூச வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு தாளுக்கும் இடையில் ஒரு மயிரிழைப் பசை இறங்கும். நிமிர்த்தி, மல் துணியை (மெல்லிய, இழை இடைவெளியுள்ள பருத்தித் துணி) இருபுறமும் 2 செ.மீ. மிஞ்சும்படி ஒட்டி, மேலே இன்னொரு பூச்சு. 24 மணி நேரம் திறக்காதீர்கள்.

நூல்கட்டு:
மயில்துத்தம் கூடவே கூடாது. பூச்சிக்காகப் பைண்டர்கள் கலப்பதுதான், ஆனால் அது அமிலத்தன்மை உள்ளது. அதிலுள்ள செம்பு தாளின் நாரையே சிதைத்துப் பழுப்பாக்கும். கோதுமை ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு, சிறுதீயில் 20 நிமிடம் கிளறினால் நல்ல பசை. இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், அளவாகக் காய்ச்சுங்கள். கிழிசல் ஒட்ட இதுவே சிறந்தது, ஈரம் காட்டினால் பிரிந்து வரும். பி.வி.ஏ. அப்படிப் பிரியாது, அரிய பழம்பதிப்பு என்றால் பி.வி.ஏ.யைத் தொடாதீர்கள்.

பழையஏடு:
சாதாரண மறுபதிப்புதான், பி.வி.ஏ.யே போடுகிறேன். அட்டைமேல் காலிக்கோ (பைண்டிங் துணி) ஒட்டும்போது பி.வி.ஏ. சட்டென்று இழுத்துக்கொண்டு குமிழ் விடுமே?

காலிக்கோ:
அதற்கு மட்டும் 2 பங்கு பி.வி.ஏ.யில் 1 பங்கு ஸ்டார்ச் பசை கலந்துகொள்ளுங்கள். நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். அட்டையின் நாரோட்டம் (நார்கள் ஓடும் திசை) முதுகுக்கு இணையாக இருக்கட்டும், குறுக்கே போனால் எந்தப் பசையிலும் அட்டை கோணும்.