வெண்ணெயா மார்ஜரினா: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

மதுரை மருமகள்:
1996-ல் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு திரும்பிய அன்றே மாமியார் தயிர் கடையும் மத்தைக் கழுவித் துடைத்துப் பரணில் போட்டுவிட்டார். வெண்ணெய் வேண்டாம், மார்ஜரின் (தாவர எண்ணெயைக் கட்டியாக்கி வெண்ணெய் மாதிரி செய்வது) பரவாயில்லை என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அன்று முதல் காலையில் பிரெட்டுக்கு மார்ஜரின்தான்.

மாமியார் பயந்ததில் தப்பில்லை. 100 கிராம் வெண்ணெயில், கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிற நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 50 கிராம் இருக்கும். கொலஸ்ட்ரால் 200 மில்லிகிராமுக்கு மேல். மார்ஜரினில் கொலஸ்ட்ரால் இல்லை என்று டப்பாவில் போட்டிருந்ததும் உண்மைதான். ஆனால் ஓடுகிற எண்ணெய் எப்படிக் கட்டியாக நிற்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, சத்துணவியல் படித்த என் மகள்தான் விளக்கினாள். எண்ணெயில் முழுதாக இல்லாமல் ஓரளவுக்கு ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதை இறக்கிவிடும். நெதர்லாந்தில் 1990-லேயே ஆய்வு செய்து காட்டிவிட்டார்களாம். எங்கள் வீட்டில் மத்து பரணுக்குப் போனது அதற்கும் ஆறு வருஷம் கழித்து!

மாமனார் ஒரு நெய் தோசைக்காகக் குழந்தை மாதிரிக் கெஞ்சுவார். கொடுக்கவே இல்லை. இன்றும் அது மனதை அறுக்கிறது.

அடுப்படி அண்ணன்:
சகோதரி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நம்பினோம்.

கோயம்புத்தூரில் 22 வருஷம் பேக்கரியில் வேலை பார்த்தவன் நான். பஃப்ஸ் மாவுக்கு நடுவே வைக்கிற மார்ஜரின் கட்டியை விரலால் அழுத்தினால் மெழுகு மாதிரி இருக்கும், லேசில் உருகாது. வெண்ணெய் நம் வாய்ச் சூட்டிலேயே கரைந்துவிடும். சூடாறிய பஃப்ஸ் சாப்பிட்ட பிறகு அண்ணத்தில் ஏதோ படிந்த மாதிரி இருக்கிறதல்லவா, அதுதான் இது. டீ குடித்தால்தான் போகும்.

இன்னொன்று. நெய்யில் வனஸ்பதியோ (டால்டா மாதிரி) மார்ஜரினோ கலந்தால் பிடிபட வேண்டும் என்பதற்காகவே அவற்றில் நல்லெண்ணெய் சேர்க்கச் சொல்லிச் சட்டம் வைத்திருந்தார்கள். சோதனையில் நல்லெண்ணெய் சிவப்பு நிறம் காட்டும். எங்கள் முதலாளி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

2022 முதல் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நல்ல சட்டம். ஆனாலும் கட்டி மார்ஜரினுக்குப் பாமாயில் நிறையப் போகிறது, அதில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதனால் பேக்கரி மார்ஜரினை இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். வீட்டுக்கு நான் வாங்குவது வெண்ணெய்தான், அதுவும் கொஞ்சமாக.

டொரண்டோ தங்கச்சி:
யாழ்ப்பாணத்தில் பாணுக்கு, அதாவது பிரெட்டுக்கு, மாஜரின் பூசிச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். இங்கே வந்த பிறகும் விடவில்லை. ஆனால் அண்ணா சொன்ன கட்டி மாஜரின் வேறு, இங்கே கிண்ணத்தில் வரும் மென்மையான மாஜரின் வேறு. கனடாவில் ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்க்கு 2018-ல் தடை வந்துவிட்டது. நான் வாங்குவது கனோலா (கடுகு இனச் செடி) எண்ணெயில் செய்தது. லேபிளில் இரண்டு தேக்கரண்டிக்கு நிறைவுற்ற கொழுப்பு 1 கிராம் என்று இருக்கிறது. அதே அளவு வெண்ணெயில் 5 கிராம். கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் இரண்டையும் அள்ளிப் பூச முடியாது. மாஜரினில் விட்டமின் டி சேர்ப்பது இங்கே கட்டாயம். வெயிலே இல்லாத குளிர்காலத்தில் அதுவும் ஒரு உதவி.

அம்மாவுக்கு கொலஸ்ட்ரால் கூடுதல். அவவின் பாணுக்கு இந்த மாஜரின்தான். ஞாயிற்றுக்கிழமை பருப்புக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி நெய் விடுவேன், அக்கா. அந்த வாசத்துக்கே அம்மா குசினிக்கு வந்துவிடுவா.